ஒரு மெகா ஓம்

இரவு இரண்டு முதல் நான்கு வரை
எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.
உலான்பாட்டரில் மைனஸ் முப்பத்து நான்கு.
நிலக்கரிப் புகை ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது,
அடையாள அட்டை இல்லாத ஆள் மாதிரி.

காற்றில் ஈரமே இல்லை.
தலை சீவினால் சீப்பு சடசடக்கும்.
மகள் கன்னத்தில் முத்தம் வைத்தால்
இரண்டு பேருக்கும் சுருக்கென்று ஏறும்.
ஆட்டுரோம ஸ்வெட்டரைக் கழற்றி
கதவுக்கு வெளியிலேயே மாட்டிவிட்டு
பருத்திச் சட்டையோடு உள்ளே போகிறேன்.

மூன்றாம் வரிசை ரேக், ஐந்தாம் ஸ்லாட்.
ஒரு வாரமாக இந்தக் கார்டு
திக்கித் திக்கிப் பேசுகிறது.
இதன் வழியாகத்தான் கோவ்த்,
ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் மேற்கே,
ஒரு ஆஸ்பத்திரி, இரண்டு வங்கி,
போனில் கொட்டாவி விடும் ஜிக்ஜித்.

மணிக்கட்டுப் பட்டையை இறுக்கினேன்.
சுவரில் சோதனைப் பெட்டி.
வழக்கமாக அதைத் தொடுவதில்லை.
யாரோ புது பேட்டரி போட்டிருந்தார்கள்,
அதனால் விரல் வைத்தேன்.

சிவப்பு.

விரலைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
சிவப்பு.

வயருக்குள்ளே ஒரு மெகா ஓம் இருக்கும்,
உடம்பின் மின்சாரத்தை
அவசரமில்லாமல் மண்ணுக்கு அனுப்பிவைக்க.
அதன் கழுத்தடியில் வயர் அறுந்திருந்தது.
மேலே உறை மட்டும் முழுசாக.
என்றைக்கு அறுந்ததோ,
வெறும் வளையலைப் போட்டுக்கொண்டு
வேலை செய்திருக்கிறேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் தாள் தொங்குகிறது.
மாதா மாதம் ஒரு கட்டம்:
'பட்டை சோதிக்கப்பட்டதா?'
பிப்ரவரி முதல் டிசம்பர் வரை
பதினொரு 'ஆம்', பதினொரு கையெழுத்து,
என் கையெழுத்து,
ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகமாக.

'நியாம்சூரென், இருக்கிறாயா?'
'இரு' என்றேன்.

அலமாரியில் பிரிக்காத பட்டை ஒன்று இருந்தது.
பச்சை. இன்னொரு தடவை. பச்சை.

பிறகு கை தானாகச் செய்தது.
பொத்தானை அழுத்தி,
விளக்கு முழுக்க அணையும்வரை நின்றேன்.
ஃபைபரை உருவி மூடி போட்டேன்.
அதன் வாய்க்குள் எட்டிப் பார்க்கக் கூடாது,
அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது,
நம் கண் அதற்குத் தெரியும்.
இரண்டு நெம்புகோலையும் ஒன்றாகத் திறந்து
விளிம்பை மட்டும் பிடித்து
அடியில் உள்ளங்கை கொடுத்து
தூங்குகிற பிள்ளையை இடம் மாற்றுவது போல
வெளியே எடுத்தேன்.

விளக்கடியில் புரட்டிப் பார்த்தேன்.
கருகல் இல்லை, கீறல் இல்லை.
இந்தக் காயம் அப்படித்தான்,
பட்ட அன்று தெரியாது.
கார்டு எழுந்து நடக்கும், சம்பளம் வாங்கும்,
பல மாதம் கழித்து ஓர் இரவில்
திக்க ஆரம்பிக்கும்.
போன பிப்ரவரியில், வெள்ளை மாதப் பண்டிகை முடிந்த வாரம்,
இதை இங்கே செருகியது நான்.
அன்றைக்கு ஸ்வெட்டரைக் கழற்றினேனா?

இந்த வருஷம் மூன்று கார்டு செத்தது.
'தயாரிப்புக் கோளாறு' என்று எழுதித்
திருப்பி அனுப்பினேன்.
மன்னிப்புக் கேட்டுப் புதுசு அனுப்பினார்கள்.

புதிய கார்டு தண்டவாளத்தில் ஏறியது.
பாதி வழியில் ஒரு முரண்டு.
தள்ளவில்லை. வெளியே இழுத்து
டார்ச் அடித்தால்
உறையிலிருந்து கிழிந்த ஒரு துண்டு பிளாஸ்டிக்.
ஊதவில்லை, இடுக்கியால் எடுத்தேன்.
இரண்டாம் தடவை வழுக்கிக்கொண்டு போனது.
நெம்புகோல், திருகு.
மஞ்சள். நெடுநேரம் மஞ்சள்.

'வந்துவிட்டது' என்றான் ஜிக்ஜித்,
எனக்குப் பச்சை தெரிவதற்கு முன்பே.
'என்ன கோளாறு?'

மணி மூன்று இருபது.
பழைய கார்டை உறையிலிட்டு
சீட்டை எடுத்தேன்.
'காரணம்' என்ற இடத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.

'பட்டை' என்றேன்.
'என்ன பட்டை?'

தாளில் ஜனவரிக் கட்டத்தில் எழுதினேன்:
பழையது செத்தது. என்று செத்ததோ தெரியாது.
மேலே உள்ள பதினொன்றையும் நம்ப வேண்டாம்.
கையெழுத்தை இந்தத் தடவை
மெதுவாகப் போட்டேன்.

வெளியே வந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு
மாடிப்படிக் கம்பியில் கை வைத்தேன்.
நீலமாய் ஒரு பொறி, ஊசி போல்.
திட்டிக்கொண்டே
அடுத்த படியிலும் தொட்டுப் பார்த்தேன்.